17 தொழில் செய்து பார்த்தார். பாட்டு எழுதியே பிழைத்தும் காட்டினார்! பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் கதை

பட்டுக்கோட்டை, அக்.8-

மாசம் பிறந்தால் சம்பளம் கிடையாது. தலைக்கு மேல் முதலாளி கிடையாது. வேலை வந்தால் காசு, வராவிட்டால் பட்டினி. கொத்தனார், பெயிண்டர், லோடுமேன் எல்லாருக்கும் இந்தப் பிழைப்பு தெரியும்.

பேனாவை மட்டும் வைத்துக்கொண்டு இப்படிப் பிழைக்க முடியுமா? அதுவும் 2-ம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒருத்தரால்?

முடியும் என்று காட்டியவர் தஞ்சை மாவட்டத்துக்காரர். மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். அவர் காலமானது 1959-ம் வருஷம் இதே அக்டோபர் 8-ந்தேதி. அப்போது அவருக்கு வயது 29.

அவரது பாட்டுக்களைத் தெரியாதவர் இல்லை. ஆனால் அந்தப் பாட்டை எழுதி அவர் எப்படிச் சோறு சாப்பிட்டார், கூலியை எப்படி வாங்கினார் என்ற கதை பலருக்குத் தெரியாது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

ஏர் பிடித்த கை

பட்டுக்கோட்டை பக்கத்தில் இருக்கிறது செங்கப்படுத்தான்காடு. சின்ன ஊர். கவிஞர் தன் ஊர்ப் பெயரைச் சங்கம் படைத்தான் காடு என்று அழகாக எழுதுவார்.

1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ந்தேதி அங்கே பிறந்தார். அப்பா அருணாசலம், அம்மா விசாலாட்சி. விவசாயக் குடும்பம். கல்லணைக் கால்வாய் வேலை முடிந்து 1934-ல் இந்தப் பக்கம் காவிரித் தண்ணீர் வர ஆரம்பித்தது. அப்போது கல்யாணசுந்தரத்துக்கு 4 வயது.

அப்பாவும் பாட்டுக் கட்டுவார். முசுகுந்த நாட்டு வழிநடைக் கும்மி என்று ஒரு கும்மிப் பாட்டு நூல் அவர் எழுதியது. ஆனால் கும்மி எழுதினால் அந்தக் காலத்தில் யார் காசு கொடுப்பார்கள்? வீட்டில் சோறு வந்தது வயலில் இருந்துதான்.

பையனை உள்ளூர் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். 2-ம் வகுப்போடு சரி. அப்புறம் மாடு மேய்க்கப் போய்விட்டார்.

அவர் செய்த தொழில்கள் மொத்தம் 17 என்று சொல்வார்கள். விவசாயம், மாடு மேய்ப்பு, மாட்டு வியாபாரம், மாம்பழ வியாபாரம், இட்லி வியாபாரம், முறுக்கு வியாபாரம், தேங்காய் வியாபாரம், கீற்று வியாபாரம், மீன் நண்டு பிடிப்பது, உப்பளத்தில் கூலி வேலை, மிஷின் டிரைவர், தண்ணீர் வண்டி, அரசியல், பாடகர், நடிகர், நடனக்காரர். கடைசியாகத்தான் கவிஞர்.

இதைப் படிக்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பாஷை உண்டு. மாட்டுத் தரகர் பேசுவது வேறு, உப்பளத்துப் பெண்கள் பேசுவது வேறு, கீற்று முடைகிறவர் பேசுவது வேறு. அத்தனையும் அவர் காதில் ஏறியது. பிற்பாடு பேனாவில் இருந்து இறங்கியதும் அதுதான்.

முதல் பாட்டு பிறந்தது 1946-ல். வயல் பக்கம் சுற்றிவிட்டு வந்த களைப்பில் துறையான் குளக்கரையில் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருக்கிறார். குளத்தில் தாமரை. தண்ணீரில் கெண்டை மீன் துள்ளுகிறது. வாய் தானாகப் பாட ஆரம்பித்துவிட்டது. அப்போது வயது பதினைந்து, பதினாறு.

பாண்டிச்சேரியில் பாடம்

பாட்டு வந்தால் மட்டும் போதுமா? தொழில் கற்றுக்கொள்ள ஒரு பட்டறை வேண்டும். கொல்லன் பட்டறையில் துருத்தி ஊதினால்தான் சுத்தியலைக் கையில் கொடுப்பார்கள்.

கல்யாணசுந்தரத்துக்குக் கிடைத்த பட்டறை பாண்டிச்சேரி. பட்டறைக்காரர் பாவேந்தர் பாரதிதாசன். சாதாரண ஆளா? அவர் முன்னால் பெரிய பெரிய புலவர்களே வாயைத் திறக்கப் பயப்படுவார்கள்.

அங்கே போய் பாவேந்தர் நடத்திய குயில் பத்திரிகை வேலையில் கூடமாட உதவியாக இருந்தார். அகல்யா என்ற புனைபெயரிலும் கவிதை எழுதினார். யாப்பு, சந்தம், எதுகை, மோனை எல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தே படிந்தது.

அந்த நன்றியை அவர் கடைசி வரை மறக்கவில்லை. எதை எழுத உட்கார்ந்தாலும் தாளின் தலைப்பில் பாரதிதாசனுக்கு ஒரு வாழ்த்து போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

இன்னொரு பக்கம் கட்சி வேலை, விவசாயச் சங்க வேலை. இளவயதிலேயே கம்யூனிஸ்டு இயக்கத்தில் சேர்ந்துவிட்டார். தஞ்சை மாவட்டத்தில் அப்போது குத்தகை விவசாயிகள் படாத பாடு பட்டுக்கொண்டிருந்த நேரம். மேடையில் பேசுவதை விடப் பாடினால் ஜனம் நின்று கேட்கிறது என்பதை அவர் கண்ணால் பார்த்தார். ஜனசக்தி பத்திரிகையில் கவிதைகள் வந்தன. சக்தி நாடக சபாவில் நடித்தார். கண்ணின் மணிகள் என்ற நாடகத்துக்குப் பாட்டு எழுதினார். அது விவசாயிகளின் கஷ்டத்தைச் சொன்ன நாடகம்.

பெயர் கிடைத்தது. காசு? அது கிடைக்கவில்லை. இயக்கத்துக்கு எழுதுவதற்கு யாரும் கூலி கேட்க முடியாது அல்லவா!

10 ரூபாய் வாடகை அறை

அந்தக் காலத்தில் எழுத்தை நம்பிக் காசு பார்க்க ஒரே இடம் சினிமா. பட்டணத்துக்குப் போனார்.

ராயப்பேட்டையில் பொன்னுசாமி தெருவில் ஒரு அறை. மாச வாடகை 10 ரூபாய். அந்த 10 ரூபாயும் ஒரே ஆளால் கொடுக்க முடியாது. ஓவியர் கே.என்.ராமச்சந்திரன், நடிகர் ஓ.ஏ.கே.தேவர் ஆகியோரோடு சேர்ந்து தங்கினார். வரைகிறவர், நடிக்கிறவர், எழுதுகிறவர் என்று 3 பேருமே நிரந்தரச் சம்பளம் இல்லாதவர்கள். யாருக்குக் காசு வருகிறதோ அன்றைக்கு அவர் பாடு!

அப்போது சினிமாவில் எழுதுகிறவர்களுக்கு 2 வழி இருந்தது. ஒன்று, பெரிய ஸ்டூடியோவில் மாதச் சம்பளத்துக்குச் சேர்வது. ஜெமினியில் கதை இலாகா என்றே ஒன்று இருந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்சிலும் சம்பளத்துக்கு எழுத்தாளர்களை வைத்திருந்தார்கள். கலைஞர் கருணாநிதி, கண்ணதாசன் எல்லாம் அங்கே இருந்தவர்கள்தான்.

இன்னொரு வழி, பாட்டுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவது. கல்யாணசுந்தரம் நின்றது இந்த வழியில்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். பாட்டு எழுதுகிறவர் தன் இஷ்டத்துக்கு எழுத முடியாது. டைரக்டர் காட்சியைச் சொல்வார். மியூசிக் டைரக்டர் ஆர்மோனியத்தில் மெட்டைப் போட்டுக் காட்டுவார். அந்த மெட்டுக்குள் வார்த்தை உட்கார வேண்டும். ஒரு எழுத்து கூடினாலும் தட்டும், குறைந்தாலும் தட்டும். எழுதிய பிறகு தயாரிப்பாளர் ஒன்று சொல்வார், கதாநாயகன் ஒன்று சொல்வார். எல்லாரும் தலையாட்டினால்தான் பாட்டு. இல்லாவிட்டால் வேறு கவிஞரைக் கூப்பிடுவார்கள். எழுதிய தாளுக்குப் பத்து பைசா கிடைக்காது.

முதலில் அவர் எழுதியது படித்த பெண் படத்துக்கு. ஆனால் அந்தப் படம் வெளியானது 1956-ல். அதற்கு முன்னாலேயே 1955-ல் மகேஸ்வரி திரைக்கு வந்துவிட்டது.

இது இந்தப் பிழைப்பில் சகஜம். இன்றைக்கு வேலை செய்வோம், அது வெளியே தெரிய ஒரு வருஷம் ஆகும். அதுவரை வயிறு காத்திருக்குமா?

சேலத்தில் காத்திருந்தார்

மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த பாசவலை 1956-ல் வந்தது. மியூசிக் விஸ்வநாதன்-ராமமூர்த்தி.

அந்தப் படத்துக்குப் புதுசாக ஒரு கவிஞர் வந்திருக்கிறார் என்று சொன்னபோது எம்.எஸ்.விஸ்வநாதனுக்குப் பிடிக்கவில்லை. பெரிய கவிஞர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது யாரோ ஒரு புது ஆளை உட்கார வைத்துப் பாடம் எடுக்க அவருக்குப் பொறுமை இல்லை. பார்க்கவே மறுத்துவிட்டார்.

கல்யாணசுந்தரம் சண்டை போடவில்லை, திரும்பியும் போகவில்லை. காத்திருந்தார். எழுதிய தாளை மட்டும் உள்ளே கொடுத்து அனுப்பினார்.

அதைப் படித்த விஸ்வநாதன் ஆடிப் போய்விட்டார். ஆடு, மாடு மேய்க்கிறவன் பேசுகிற சாதாரணப் பேச்சில் வாழ்க்கையின் கணக்கையே அந்தத் தாளில் போட்டிருந்தார் கவிஞர். இவ்வளவு பெரிய ஆளையா வெளியே உட்கார வைத்தோம் என்று விஸ்வநாதன் வெட்கப்பட்டுப் போனார். பல வருஷம் கழித்து அவரே மேடைகளில் மனம் விட்டுச் சொன்ன சம்பவம் இது.

அதற்குப் பிறகு வேலை தேடி அவர் அலைய வேண்டியது குறைந்தது. வேலை அவரைத் தேடி வர ஆரம்பித்தது. ரங்கோன் ராதா, சக்கரவர்த்தித் திருமகள், மகாதேவி, புதையல், பதிபக்தி என்று வரிசையாகப் படங்கள்.

கூலியைக் கேட்ட கவிஞர்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பாட்டு எழுதுவது ஒரு வேலை என்றால், எழுதிய பாட்டுக்குக் காசு வாங்குவது அதைவிடப் பெரிய வேலை!

சினிமாக் கம்பெனியில் பேசும்போது ஒரு தொகை பேசுவார்கள். கொஞ்சம் அட்வான்ஸ் கொடுப்பார்கள். மீதி பாக்கி. ரிக்கார்டிங் முடிந்ததும் தருகிறேன், படம் முடிந்ததும் தருகிறேன், ரிலீசானதும் தருகிறேன் என்று நாள் ஓடும். பலருக்கு அந்தப் பாக்கி வந்ததே இல்லை. கேட்டால் அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டார்களோ என்று பயந்தே பல பேர் விட்டுவிடுவார்கள்.

கல்யாணசுந்தரம் அந்த ரகம் இல்லை.

ஒரு தயாரிப்பாளர் இப்படித்தான் அவருக்குப் பாக்கி வைத்திருந்தார். கவிஞர் வீட்டுக்கே போய்க் கேட்டார். இப்போது காசு இல்லை, நாளைக்கு வா என்றார் தயாரிப்பாளர். காசு வாங்காமல் போக மாட்டேன் என்றார் கவிஞர். அப்படியானால் அங்கேயே நின்றுகொண்டிரு என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் உள்ளே போய்விட்டார்.

நில் என்ற அந்த ஒரு வார்த்தை கவிஞரைச் சுட்டுவிட்டது. பையில் இருந்து ஒரு தாளை எடுத்தார். 4 வரி எழுதினார். மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தாயிடமும் தமிழிடமும் வளர்ந்தவன் நான், என்னை நிற்கச் சொல்ல நீ யார் என்று கேட்பதாக இருந்தது அந்தக் கவிதை. சும்மா கேட்கவில்லை, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தார். படித்த தயாரிப்பாளர் பதறிப் போய்ப் பணத்தை எடுத்துக்கொண்டு கவிஞரிடம் ஓடி வந்தார் என்பார்கள்.

இந்தக் கதையை எங்கள் பக்கத்தில் டீக்கடையில் கூடச் சொல்வார்கள். சொல்லும்போது சொல்கிறவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், பாக்கியை வசூல் பண்ணியது அவர் மாதிரியே இருக்கும்!

இதை எழுதுகிற எனக்கும் இதில் ஒரு சொந்தக் கணக்கு உண்டு. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் செய்திக்கு இவ்வளவு என்று பேசி ஒரு இடத்துக்கு எழுதினேன். 4 மாசப் பாக்கி நின்றது. கேட்கப் போனபோது வாசலில் 2 மணி நேரம் நிற்க வைத்தார்கள். எனக்குக் கவிதை வரவில்லை. பஸ்சுக்குக் காசு கடன் வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

கவிஞரின் துணிச்சலுக்கு என்ன காரணம்? அவர் ஏற்கனவே 16 தொழில் பார்த்தவர். பாட்டு இல்லாவிட்டால் தேங்காய் விற்கத் தெரியும், ஏர் பிடிக்கத் தெரியும். தயாரிப்பாளர் கோபித்துக்கொண்டால் ஒன்றும் முழுகிப் போகாது. உப்பளத்தில் வேலை பார்த்தவர் சாயங்காலம் கூலியை எண்ணி வாங்குகிற மாதிரிதான் பாட்டுக்கும் கூலியை அவர் பார்த்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

எம்.ஜி.ஆர். படங்கள்

1958-ல் எம்.ஜி.ஆர். சொந்தமாகத் தயாரித்து, முதன்முதலாக டைரக்ட் செய்த படம் நாடோடி மன்னன். கையில் இருந்ததை எல்லாம் அந்தப் படத்தில் போட்டிருந்தார். ஓடாவிட்டால் அவர் கதி அவ்வளவுதான் என்ற நிலைமை. அந்தப் படத்துக்கு எழுதிய கவிஞர்களில் ஒருவர் கல்யாணசுந்தரம்.

சோம்பேறித் தம்பியைத் தட்டி எழுப்புகிற பாட்டு அவருடையது. காடெல்லாம் விளைந்தும் பாடுபட்டவன் கை ஏன் காலியாக இருக்கிறது என்று ஆணும் பெண்ணும் கேட்டுக்கொள்கிற பாட்டும் அவருடையதுதான். அதை எழுத அவர் எந்தப் புத்தகத்தையும் புரட்ட வேண்டியது இல்லை. செங்கப்படுத்தான்காட்டில் களத்துமேட்டில் நின்றாலே போதும்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. பாட்டுக்கள் பட்டிதொட்டி எல்லாம் ஒலித்தன.

கட்சி வேறாக இருந்தாலும் எம்.ஜி.ஆர். அவரை விடவில்லை. பிற்காலத்தில் முதல்-அமைச்சரான பிறகு, தன்னுடைய நாற்காலியின் 4 கால்களில் ஒன்று பட்டுக்கோட்டையாரின் பாட்டு என்ற அர்த்தத்தில் எம்.ஜி.ஆர். சொன்னது ஊரறிந்தது.

1957-ல் கவிஞருக்குக் கல்யாணம் நடந்தது. மனைவி பெயர் கவுரவாம்பாள். அதற்கு முன்னால் பட்டினி கிடந்தால் ஒரு வயிறு. இப்போது குடும்பம்.

அதற்குத் தகுந்தாற்போல் வேலையும் கூடியது. 1959-ல் ஸ்ரீதர் முதன்முதலாக டைரக்ட் செய்த கல்யாணப் பரிசு வந்தது. தமிழில் ஏ.எம்.ராஜா இசையமைத்த முதல் படமும் அதுதான். பாட்டு மொத்தத்தையும் ஒரே கவிஞரிடம் கொடுத்தார்கள். அவர் கல்யாணசுந்தரம்.

கூலிக்காரன் பாட்டு மட்டும்தான் இவருக்கு வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். காதல், பிரிவு, கிண்டல், தீபாவளிக் கொண்டாட்டம் எல்லாம் அந்தப் படத்தில் இருந்தது. அத்தனையும் ஹிட். அந்த வருஷமே ஆண் குழந்தையும் பிறந்தது.

10 ரூபாய் அறையில் பங்கு போட்டுத் தங்கியவர், நாலைந்து வருஷத்தில் 50-க்கும் மேற்பட்ட படங்களுக்கு எழுதி முடித்துவிட்டார். பாட்டுக்களின் எண்ணிக்கை இருநூறை நெருங்கும்.

29 வயதில்...

அப்படி ஒரு நேரத்தில்தான் உடம்பு படுத்தியது. 1959-ம் வருஷம் அக்டோபர் 8-ந்தேதி சென்னையில் காலமானார். கைக்குழந்தையோடு நின்றார் கவுரவாம்பாள்.

தொழில் போட்டியாளர் என்று வெளியே பேசப்பட்ட கண்ணதாசன் உருகிப் போய் இரங்கல் கவிதை எழுதினார். இரண்டு பேருக்கும் நல்ல சினேகிதம் இருந்தது வெளியே தெரியாத பலருக்கு அது ஆச்சரியம்.

அவர் போன பிறகும் பாட்டுக்கள் வந்துகொண்டே இருந்தன. 1960-ல் ஜெமினியின் இரும்புத்திரை. மில் தொழிலாளர்கள் கதை. வாங்கிய சம்பளம் பைக்குள் போவதற்கு முன்னாலேயே காணாமல் போவதைப் பற்றி அதில் ஒரு பாட்டு. சம்பள நாள் அன்றைக்குக் கடன்காரர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை. 1961-ல் அரசிளங்குமரி, திருடாதே. சின்னப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் புத்தி சொல்கிற பாட்டும், திருட்டைப் பற்றிய பாட்டும் அந்த 2 படங்களில்தான். தன் மகனுக்கு நேரில் சொல்ல அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

1981-ல் தமிழக அரசு அவருக்குப் பாவேந்தர் பாரதிதாசன் விருது கொடுத்தது. முதல்-அமைச்சர் எம்.ஜி.ஆர். கையில் இருந்து கவுரவாம்பாள் வாங்கிக்கொண்டார். எந்த வாத்தியாரின் பெயரைத் தாளின் தலைப்பில் எழுதினாரோ அதே பெயரில் விருது.

1993-ல் அவரது எழுத்துக்களை அரசு நாட்டுடைமை ஆக்கியது. பட்டுக்கோட்டையில் 2000-ம் வருஷம் மணிமண்டபம் திறக்கப்பட்டது.

அந்தக் காலத்துச் சினிமா வழக்கப்படி பேசிய தொகையை வாங்கிவிட்டால் பாட்டுக்கும் கவிஞருக்கும் கணக்கு முடிந்தது. ரேடியோவில் ஆயிரம் தடவை போட்டாலும், கல்யாண வீட்டு லவுடு ஸ்பீக்கரில் அலறினாலும் எழுதியவர் அதில் பங்கு கேட்க முடியாது. சினிமாப் பாட்டு எழுதுகிறவர்களுக்கு ராயல்டியில் பங்கு உண்டு, அதை யாரும் மொத்தமாக எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று காப்புரிமைச் சட்டத்தில் திருத்தம் வந்தது 2012-ல். கவிஞர் காலமாகி 53 வருஷம் கழித்து.